பத்தாயிரம் நாற்காலிகளும் பன்னிரண்டு நிமிடமும்

2017 மே மாதம் ஒரு ரசிகர், அமெரிக்காவின் மூத்த மல்யுத்தப் பத்திரிகையாளர் டேவ் மெல்ட்ஸரிடம் ட்விட்டரில் ஒரு கேள்வி கேட்டார். ரிங் ஆஃப் ஹானர் என்ற மல்யுத்த நிறுவனத்தால் ஓர் அரங்கில் பத்தாயிரம் டிக்கெட் விற்க முடியுமா? இப்போதைக்கு முடியாது என்று மெல்ட்ஸர் பதில் சொன்னார். கோடி என்ற வீரர் அதைப் பந்தயமாகவே எடுத்துக்கொண்டார். 'யங் பக்ஸ்' என்று அழைக்கப்படும் மேட் ஜாக்ஸன், நிக் ஜாக்ஸன் சகோதரர்களைச் சேர்த்துக்கொண்டு, 2018 செப்டம்பர் 1 அன்று சிகாகோவின் புறநகரான ஹாஃப்மன் எஸ்டேட்ஸில், சியர்ஸ் சென்டர் அரங்கில், 'ஆல் இன்' என்ற நிகழ்ச்சியை நடத்தினார். டிக்கெட்டுகள் அரை மணி நேரத்துக்குள் தீர்ந்தன. 11,263 பேர் வந்தார்கள். டபிள்யூடபிள்யூஈ, டபிள்யூசிடபிள்யூ ஆகிய இரு பெரும் நிறுவனங்களுக்கு வெளியே ஒரு மல்யுத்த நிகழ்ச்சி அமெரிக்காவில் பத்தாயிரம் டிக்கெட் விற்றது 1993க்குப் பிறகு அதுவே முதல் முறை.

பந்தயத்தில் கோடி வென்றார் என்பதில் சந்தேகமே இல்லை. அந்த வெற்றியின் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்ததால், அன்றைய ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்க்க வெகுபேருக்கு மனம் வரவில்லை. சுயேச்சையாக நின்று ஒருவர் ஜெயித்துவிட்டால் அவருடைய பிரசாரக் கூட்டங்கள் எல்லாமே நன்றாக இருந்ததாகப் பிறகு தோன்றுவது போலத்தான் இதுவும். நிகழ்ச்சியை நான் பலமுறை பார்த்துவிட்டேன். அதன் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. அதனாலேயே கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முடிவை முன்பே எழுதி வைத்துவிட்டு ஆடும் மோதலில் எடைபோட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. படுகளத்தில் துரியோதனன் விழுவான் என்பது கூத்துப் பார்க்கப் பாய் விரித்து உட்கார்ந்த சிறுவனுக்கும் தெரியும். விடியவிடியக் கண் விழித்து அவன் பார்ப்பது, எப்படி விழுகிறான் என்பதை. இதுவும் அப்படித்தான். நான் இரண்டு கேள்விகளை மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஐந்தாம் நிமிடத்தில் விழுந்த அடி பதினைந்தாம் நிமிடத்தில் வலிக்கிறதா? ஆட்டம் தனக்குரிய நேரத்தை அறிந்திருக்கிறதா?

முதல் கேள்விக்கு அன்று கிடைத்த ஆகச் சிறந்த பதில், நிக் ஆல்டிஸுக்கும் கோடிக்கும் நடந்த என்டபிள்யூஏ உலகப் பட்டப் போட்டி. உடல் திறமையை மட்டும் பார்த்தால் அன்றைய வரிசையில் இதற்கு முதல் மூன்று இடங்களுக்குள் வர முடியாது. இருவரும் பறப்பவர்கள் அல்லர். பிடிகளில் புதுமை இல்லை. ஆனால் அந்த பெல்ட்டின் பின்னால் 1948இல் தொடங்கிய என்டபிள்யூஏ என்ற சங்கத்தின் வரலாறு இருந்தது. ஹார்லி ரேஸும் ரிக் ஃபிளேரும் சுமந்த பட்டம் அது. எல்லாவற்றுக்கும் மேலாக, டஸ்டி ரோட்ஸ் 1979, 1981, 1986 என மூன்று முறை வென்ற பட்டம். டெக்ஸாஸில் ஒரு குழாய் பழுதுபார்ப்பவரின் மகனாகப் பிறந்து, தொப்பையும் நாக்குழறும் பேச்சுமாகவே உழைக்கும் மக்களின் நாயகனாக உயர்ந்தவர் டஸ்டி. அவர் 2015இல் இறந்தார். அவருடைய இளைய மகன்தான் கோடி. டபிள்யூடபிள்யூஈயில் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு ஆடவைக்கப்பட்டு, மனம் வெறுத்து 2016இல் வெளியேறியவர். கோடி ரோட்ஸ் என்ற பெயரின் வணிக உரிமை பழைய நிறுவனத்திடம் இருந்ததால், அன்று தன் அப்பாவின் பட்டத்துக்காக ரிங்கில் ஏறியபோதுகூட அவர் பெயர் வெறும் கோடிதான்.

இப்படி ஒரு கதை கையில் இருக்கும்போது ஆட்டத்தைக் கெடுப்பது சுலபம். உணர்ச்சியை நம்பி அடியைக் கோட்டைவிடுவார்கள். ஆல்டிஸ் அதைக் காப்பாற்றினார். இந்தப் போட்டியைப் பற்றி எழுதுபவர்கள் கோடியின் கண்ணீரையே எழுதுகிறார்கள். என் கணிப்பில் ஆட்டத்தைத் தாங்கிய தூண் ஆல்டிஸ். 2017 டிசம்பரிலிருந்து பட்டத்தை வைத்திருந்த அவர், அரங்கம் முழுதும் எதிராளியின் பக்கம் என்று தெரிந்தும், நான்தான் சாம்பியன், இவன் யார் என்ற நிமிர்வை ஒரு கணமும் விடவில்லை. மலிவான வில்லத்தனத்துக்கும் இறங்கவில்லை. ஓட்டம் குறைவு, இடைவெளி அதிகம். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அது உடம்பில் இறங்குவதற்கு நேரம் கொடுத்தார்கள். கோடியின் முகத்தில் ரத்தம் வழிந்த பிறகு அரங்கத்தின் சத்தமே மாறியது. கோடியின் மனைவி பிராண்டி கணவர்மேல் விழுந்து மறைத்து, ஆல்டிஸின் அடியைத் தான் வாங்கிக்கொண்ட இடம் பழைய பாணி மெலோடிராமாதான். இந்தக் கதைக்கு அது பொருந்துகிறது. கடைசியில் பெரிய அடி எதுவும் இல்லை. ஆல்டிஸ் உருட்டிப் பிடிக்கப் பார்த்தார். கோடி அப்படியே அவர்மேல் அமர்ந்து தோள்களைத் தரையோடு அழுத்தினார். நடுவர் மூன்று எண்ணினார். அப்பாவும் மகனும் அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை.

குறை இல்லாமல் இல்லை. இருவருக்கும் துணையாக வந்தவர்களின் கூட்டமும், நடுவில் டயமண்ட் டல்லாஸ் பேஜ் ஏறி வந்து ஒருவரைச் சாய்த்துப் போனதும் ஆட்டத்துக்குத் தேவையற்றவை. ஆனாலும் அன்று அரங்கில் இருந்தவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனது இந்த இருபத்துச் சொச்சம் நிமிடங்களைத்தான். பெரிய நிறுவனத்தின் எழுத்தாளர் குழு இதை இப்படி விட்டிருக்காது. வேகம் போதாது என்று வெட்டியிருக்கும். சுயேச்சையாக இருப்பதன் பலன் இங்கே முழுமையாகத் தெரிந்தது.

ரிங்குக்குள் நடந்ததை மட்டும் பார்த்தால் முதலிடம் கென்னி ஒமேகாவுக்கும் மெக்ஸிகோவின் பென்டாகனுக்கும்தான். ஒமேகா அப்போது ஜப்பானின் ஐடபிள்யூஜிபி சாம்பியன். ஜப்பான் முறையும் மெக்ஸிகோ முறையும் சந்திக்கும்போது யாராவது ஒருவர் மற்றவர் மொழியில் பேச வேண்டியிருக்கும். இங்கே இருவரும் தத்தம் மொழியிலேயே பேசி ஒருவரையொருவர் புரிந்துகொண்டார்கள். அடிகள் கடினமானவை. ஆனால் குவித்து வைக்கப்படவில்லை. பதினெட்டு நிமிடம் தாண்டாமல், ஒமேகா எதிராளியைத் தோளில் ஏற்றித் தலைகீழாக இறக்கும் தன் கடைசி அடியோடு முடித்தார். உடனே விளக்கு அணைந்தது. மீண்டும் எரிந்தபோது பென்டாகன் எழுந்து ஒமேகாவைத் தாக்கினார், முகமூடியைக் கழற்றினார், பார்த்தால் அது பென்டாகன் வேடத்தில் வந்த மல்யுத்த வீரர் கிரிஸ் ஜெரிக்கோ. சொல்லப்போனால் அது ஜெரிக்கோ நடத்தவிருந்த கப்பல் பயண நிகழ்ச்சிக்கான விளம்பரம். இருந்தாலும் அவ்வளவு நேர்த்தியாகச் செய்த ஓர் ஏமாற்றைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி நான் பலரோடு முரண்படும் இடம். கஸுசிகா ஒகாடாவுக்கும் மார்ட்டி ஸ்கர்லுக்கும் நடந்தது நல்ல ஆட்டமே. அதே ஐடபிள்யூஜிபி பட்டத்தை 720 நாள் வைத்திருந்து, ஜூனில்தான் ஒமேகாவிடம் இழந்த கனரகப் பிரிவு நட்சத்திரம் ஒகாடா. ஸ்கர்ல் இலகு எடைப் பிரிவுக்காரர். உன் எடைக்கு நான் எதிராளியா என்று ஒகாடா அலட்சியம் செய்வதில் கதை தொடங்குகிறது. விரலை முறிப்பதும் கையைப் பூட்டுவதுமாக ஸ்கர்ல் அந்த அலட்சியத்தைக் கரைத்த முதல் பாதி அருமை. ஒரு மனிதன் தன் மதிப்பை மற்றொருவனிடம் கேட்டு வாங்கும் ஆட்டம் அது. ஆனால் பதினெட்டு நிமிடத்தில் சொல்லி முடித்த கதையை இருபத்தாறு நிமிடம் இழுத்தார்கள். டோக்கியோவில், கடைசி ஆட்டத்துக்கு அந்த நீளம் சரி. இங்கே இதற்குப் பிறகும் ஓர் ஆட்டம் காத்திருந்தது. ஒளிபரப்பு நேரமோ முடியவிருந்தது.

அதன் விலையைக் கடைசி ஆட்டம் கொடுத்தது. ஒருபுறம் கோட்டா இபுஷியும் யங் பக்ஸும். மறுபுறம் ரே மிஸ்டீரியோ, ஃபீனிக்ஸ், பாண்டிடோ. உலகில் அன்றைக்குப் பறக்கத் தெரிந்தவர்களில் ஆறு பேர். விளையாட்டுச் சீட்டில் ரே மிஸ்டீரியோவின் உயரத்தையும் எடையையும் மனப்பாடம் செய்து வளர்ந்த என் போன்றவர்களுக்கு, அவரை இபுஷியோடு ஒரே ரிங்கில் பார்ப்பதே பெரிய விஷயம். பன்னிரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. எதுவும் வலிக்க நேரமில்லை. அரங்கம் கத்தியது உண்மைதான். ஆனால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆடிய ஆட்டம் அது என்பது திரையில் அப்பட்டமாகத் தெரிகிறது. நேரம் போதாமல் சுருக்கியதாகப் பின்னர் வெளிப்படையாகவே சொன்னார்கள். இபுஷியும் மிஸ்டீரியோவும் மோதிய சில நொடிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது, கிடைக்காமல் போன பதினைந்து நிமிடத்தை நினைத்து எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

அந்த நிமிடங்கள் எங்கே போயின என்று தேட வேண்டியதில்லை. ஆடம் பேஜுக்கும் ஜோயி ஜனேலாவுக்கும் நடந்த சிகாகோ தெருச்சண்டையே இருபது நிமிடம். ஏணியிலிருந்து மேசைமேல் ஜனேலாவைத் தலைகீழாக இறக்கிய முடிவு அச்சமூட்டக் கூடியது. பேஜ் பெரிய வீரராவார் என்று நம்பவைத்தது. அது முடிந்ததும், யங் பக்ஸின் யூடியூப் தொடரில் பேஜ் கொன்றதாகக் கதை கட்டப்பட்ட ஜோயி ரயன் உயிர்த்தெழுந்து வந்தார். கூடவே ஆபாச உடையில் ஒரு கூட்டம். தொடரைப் பார்த்தவர்கள் விழுந்து சிரித்தார்கள். பார்க்காத ஒருவருக்கு அங்கே எதுவும் இல்லை. உயிரைப் பணயம் வைத்து இருவர் விழுந்து எழுந்ததை அந்த விளையாட்டு மறக்கடித்துவிட்டது. ரசிகர்களின் ஆதரவில் எழுந்த நிகழ்ச்சி ரசிகர்களுக்கு நன்றி சொல்ல நினைத்தது தவறில்லை. அதை ஓர் ஆட்டத்தின் முதுகில் ஏற்றிச் சொல்லியிருக்க வேண்டாம்.

மற்றவை விரைவாக. 'ஆரோ' தொடரின் நடிகர் ஸ்டீவன் அமெல், கிறிஸ்டஃபர் டேனியல்ஸுடன் ஆடியது தாங்கும்படி இருந்தது. ஒரு நடிகரிடம் இவ்வளவு துணிச்சலை எதிர்பார்க்கவில்லை. ஜே லெத்தல், மறைந்த ராண்டி சாவேஜின் தம்பி லானி போஃபோவை அழைத்துவந்து சாவேஜாகவே மாறி ஆடியது இனிமை. ஆனால் அது ஒரு உலகப் பட்டத்துக்கான போட்டி என்பதே நினைவில் நிற்கவில்லை. முதல் போட்டியில் மேட் கிராஸிடம் தோற்ற 22 வயது எம்ஜேஎஃப், தோற்றபோதும் கண்ணைப் பறித்தார். டெஸ்ஸா பிளான்சர்டு வென்ற நால்வர் போட்டிதான் பெண்களுக்கென முதன்மை நிகழ்ச்சியில் ஒதுக்கிய ஒரே இடம். நால்வருக்கும் பணயம் என்று எதுவும் தரப்படவில்லை. கோடிக்குக் கொடுத்த கதையில் கால்பங்கு இவர்களுக்குக் கிடைத்திருந்தால் போதும்.

ஆக, மேலே முதலாளி இல்லை என்பதுதான் இந்த நிகழ்ச்சியின் பலம், அதன் பலவீனமும் அதுவே. வெட்டச் சொல்ல ஆளில்லாததால் கோடி–ஆல்டிஸ் மூச்சுவிட்டது. அதே காரணத்தால் ஸ்கர்ல்–ஒகாடா நீண்டது, கடைசி ஆட்டம் குறுகியது. நான்கு மாதத்தில், 2019 ஜனவரி 1 அன்று, இவர்கள் முக்கியப் பங்கு வகித்த ஏஈடபிள்யூ என்ற மல்யுத்த நிறுவனத்தின் தொடக்கம் அறிவிக்கப்பட்டது என்பதால் வரலாறு இந்த இரவைப் பெரிதாகத்தான் எழுதும். அது நியாயமே. ஆட்டங்களின் பட்டியலாக எடுத்துக்கொண்டால், மிக உயர்ந்த இரண்டு ஆட்டங்களும் நல்ல ஒன்றும் வீணடிக்கப்பட்ட ஒன்றும் கொண்ட இரவு இது. மாபெரும் நிகழ்ச்சிகளின் வரிசையில் இதை வைப்பேன், மாபெரும் ஆட்ட வரிசைகளில் வைக்க மாட்டேன். முதல்முறையாகப் பார்க்கப்போகிறவர்கள் கோடி–ஆல்டிஸ் போட்டியில் தொடங்குங்கள், அடுத்ததாக ஒமேகா–பென்டாகனைப் பாருங்கள். இரண்டையும் பார்க்கும்போது கோடியையும் ஒமேகாவையும் கொஞ்சம் விட்டுவிட்டு, தோற்ற இருவரின் மேல் கண் வையுங்கள்.