ஹோர்ட்டன் சமவெளி: பனிமூட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள்

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பை நோக்கி ஒரே ஓட்டமாக ஓடுகிறார்கள். ஒன்பது மணிக்குள் போய்ச் சேராவிட்டால் பனிமூட்டம் பள்ளத்தை மறைத்துவிடும் என்று வேன் சாரதி முதல்நாளே சொல்லிவைத்திருப்பார். அவர் சொல்வது சரிதான். ஆனால் அந்த அவசரத்தில் வழியிலுள்ள காட்டையும் புல்வெளியையும் பார்க்காமலே தாண்டிப்போய், அங்கே பனி மூடியிருந்தால் "ஒன்றுமே தெரியவில்லை" என்று மனம் நொந்து திரும்புகிறார்கள். அந்தப் பனியைக் குடித்துத்தான் இந்தக் காடு வளர்கிறது. அதை அறிந்து நடப்பவருக்கு எந்த நாளும் வீண்நாள் அல்ல.

இலங்கையின் மத்திய மலைநாட்டில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் கிடக்கும் மேட்டுநிலம் இது. 1988இல் தேசியப் பூங்கா ஆனது. 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. சின்ன உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி மூன்றையும் தொட்டுச் சுற்றிவரும் பாதை ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். விறுவிறுவென நடந்தால் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம். நீங்கள் ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் புல்வெளியும் காடும் சந்திக்கும் ஓரத்தைக் கவனியுங்கள். தாழ்ந்த இடங்களில் புல், சரிவுகளில் காடு. இரண்டுக்கும் நடுவே சில எட்டு வைக்கும் தூரம்கூட இல்லை. விடியற்காலையில் மரைகள் மேய வருவது இந்த ஓரத்தில்தான். அவற்றைத் தேடிச் சிறுத்தையும் வரும். சிறுத்தையைக் காண்பது பெரும் அதிர்ஷ்டம். ஆனால் நடைபாதையில் காய்ந்து வெளுத்த அதன் எச்சத்தைக் காணலாம். குனிந்து பாருங்கள், உள்ளே மரையின் மயிர் இருக்கும்.

காட்டுக்குள் பாதை நுழைந்ததும் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். மரங்கள் எல்லாம் குட்டை. தண்டுகள் முறுக்கிக்கொண்டு நிற்கும். கீன மரத்தின் தலை விரித்த குடைபோலத் தட்டையாக இருக்கும். கிளை தெரியாதபடி பாசி மூடியிருக்கும். பனிமூட்டம் வந்து சூழ்ந்தால் இன்னும் நல்லது. மழை பெய்யாது, ஆனால் உங்கள் தொப்பியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். காற்றோடு வரும் பனியின் ஈரத்தை இலையும் பாசியும் பிடித்து மண்ணுக்கு இறக்குகின்றன. பாசியில் விரல் நுனியை மெல்ல வைத்தாலே நீர் கசியும். பேக்கர் நீர்வீழ்ச்சியில் விழும் பெலிஹுல் ஓயா இப்படிச் சேர்ந்த நீரையும் சுமந்துகொண்டு வளவை கங்கைக்குப் போகிறது. மகாவலிக்கும் களனிக்கும்கூட இந்த மேட்டுநிலம் நீர் கொடுக்கிறது. கீழ்நாட்டில் வயல் விதைப்பவனுக்கும் இந்தக் காட்டோடு உறவு உண்டு. ஆங்காங்கே நின்றபடியே பட்டுப்போன மரங்களையும் பார்ப்பீர்கள். நீரைப் பிடிக்கும் மரங்களே இப்படிப் போகின்றனவே என்று அவற்றைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

மரத்தண்டுகளையும் கண்ணால் தடவிக்கொண்டே போங்கள். மூக்கில் வெள்ளைக் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. தொடவேண்டாம். காட்டோரத்தில் இரத்தச் சிவப்பாகப் பூத்து நிற்பது ரோடோடென்ட்ரன். இந்த மரம் நீலகிரியிலும் இமயமலையிலும் உண்டு. மஞ்சள் பூவோடு முள்ளடர்ந்து நிற்கும் புதரின் முன்னால் பலர் படம் எடுப்பார்கள். அது ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கே பரவி, புல்வெளியைப் பிடித்துக்கொண்டிருக்கும் செடி.

உலக முடிவில் நிலம் ஏறத்தாழ 870 மீட்டர் செங்குத்தாக இறங்குகிறது. வானம் தெளிந்திருந்தால் தூரத்தில் தென்கடல்வரை தெரியும் என்பார்கள். நான் அடிவாரத்தையே பார்க்கச் சொல்வேன். அங்கே தேயிலைத் தோட்டமும் லயங்களும் தீப்பெட்டி அளவில் தெரியும். பனி மூடியிருந்தால் திரும்பிவிடாதீர்கள். விளிம்பிலிருந்து தள்ளிப் பாறையில் உட்கார்ந்து காத்திருங்கள். கீழிருந்து காற்று ஏறும்போது மூட்டம் கிழிந்து, ஒரு நிமிடம் பள்ளம் முழுவதும் திறக்கும், மறுபடி மூடிக்கொள்ளும். தெளிந்த வானத்தில் பார்ப்பதைவிட இப்படிப் பார்ப்பதே எனக்குப் பிடிக்கும். விளிம்புக்குப் போய்ப் படம் எடுக்கும் ஆசை மட்டும் வேண்டாம்.

ஜனவரி முதல் மார்ச்வரை மழை குறைவு. விடியற்காலையில் புல்லில் உறைபனி படிந்திருக்கும். கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை வாங்கிவைத்துவிடுவார்கள், ஆகவே சாப்பாட்டைப் பெட்டியிலோ கடதாசியிலோ கட்டிக்கொண்டு போங்கள். வாகனம் நிறுத்துமிடத்தில் மரைகள் பழகிய மாடுபோல அருகே வரும். பிள்ளைகள் பாண் கொடுக்க ஆசைப்படுவார்கள். தயவுசெய்து கொடுக்க விடாதீர்கள். மனிதர் கையை எதிர்பார்க்கப் பழகிய மரை பொலித்தீனையும் சேர்த்தே தின்னும்.