சுதந்திராக் கட்சியின் போட்டிக் கோட்பாடும் தூத்துக்குடியும்

1959இல் தோன்றிய சுதந்திராக் கட்சியைச் செல்வர்களின் கட்சி என்று மட்டும் கூறி ஒதுக்கும் ஆய்வுகள், 'பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்' என்னும் இராஜாஜியின் விமர்சனத்திலுள்ள வலுவைக் காணத் தவறுகின்றன. அவ்வலுவுக்கு முத்துக்குளித்துறை சான்றாகும். போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆட்சிகள் மாறியபோதும் மூழ்கி எடுத்தவருக்குச் சிப்பி முழுவதும் உரிமையாகவில்லை. விடுதலைக்குப் பின்னரும் முத்துக்குளிப்பு அரசின் ஏகபோகமாகவே தொடர்ந்தது.

எனினும், அதே கடற்கரை கட்சியின் கோட்பாட்டிலுள்ள இடைவெளியையும் காட்டுகிறது. வ.உ.சிதம்பரனார் 1906இல் நிறுவிய சுதேசிக் கப்பல் கம்பெனியை வீழ்த்தியது உரிமக் கட்டுப்பாடு அன்று. பெருமூலதனம் கொண்ட பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கட்டணக் குறைப்பும், 1908இல் அவரைச் சிறையிலடைத்த ஆட்சியும் சேர்ந்தே அதனை முடக்கின. போட்டியற்ற துறைகளில் மிகை விலைக்கும் மிகை இலாபத்துக்கும் எதிராகக் காப்பு வேண்டும் என்பதைக் கட்சியின் கொள்கை விளக்கம் ஏற்றது. தூத்துக்குடியில் ஆயுதமானதோ மிகை விலை அன்று, தாழ்விலை. போட்டியின் வழியாகவே போட்டி அழிக்கப்படும் இந்நிலைக்கு அக்கொள்கையில் விடையில்லை.

ஆகவே, அரசதிகாரம் பற்றிய அக்கட்சியின் விமர்சனம் ஏற்கத்தக்கது. மூலதனத்தின் அதிகாரம் பற்றிய அதன் பார்வையோ முழுமையற்றது.