தன்வரலாற்றில் இரண்டு 'நான்'கள்: கிங்ஸ் சர்க்கிளை முன்வைத்து

தன்வரலாற்றில் 'நான்' என்னும் சொல் இருவரைச் சுட்டும். அன்று பட்டவர் ஒருவர். இன்று எழுதுபவர் மற்றொருவர். இவ்விருவருக்கும் இடையிலுள்ள தொலைவை எழுதுபவர் எங்ஙனம் கையாள்கிறார் என்பதிலேயே இவ்வகையின் கலை அடங்கியுள்ளது.

உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இதற்குத் தக்க சான்று. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தபோது தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் நூல்களை அவர் அடுக்கிக் கூறுகிறார். முதலியார் அவற்றால் பயன் என்ன என்கிறார். ஆங்கில மோகத்தால் இவர் இப்படிப் பேசுகிறார் போலும் என்று இளைஞர் சாமிநாதன் எண்ணிக்கொள்கிறார். அறுபதாண்டுகள் கழித்து எழுதிய முதியவர், சிந்தாமணியைப் பதிப்பித்துப் புகழ்பெற்றவர், அவ்வெண்ணத்தைத் திருத்தவில்லை, மறைக்கவுமில்லை. அறியாமையை அதன் வயதிலேயே நிற்கவிடும் இத்துணிவு தமிழ்த் தன்வரலாறுகளில் அரிது.

இந்நோக்கில் மும்பைத் தமிழரின் நினைவெழுத்தை அணுகலாம். கிங்ஸ் சர்க்கிள் அதன் இயல்பான நடுவிடம். 1896ஆம் ஆண்டின் பிளேக் நோயை அடுத்து 1898இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த தாதர்-மாதுங்காத் திட்டத்தில் வளர்ந்த பகுதி இது. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1963இல் சண்முகானந்தா அரங்கு என நிறுவனங்கள் தோன்றின. வட்டப்பூங்கா இன்று மகேசுவரி உத்யான் எனப்படுகிறது. இப்பகுதியை நினைவுகூர்வோர்க்குக் காப்பி, பூக்கடை, கச்சேரி ஆகியவை எளிதில் கைகொடுக்கும். ஆயின் இவை பட்டியலே. பட்டியலில் பட்டவரும் இல்லை, எழுதுபவரும் இல்லை.

நடந்து செல்லும் தொலைவில் தாராவி. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் தொழிலுக்கும் பிற கூலி வேலைகளுக்கும் வந்த ஒடுக்கப்பட்ட மக்களின் தமிழ் அங்கு வழங்குகிறது. இவ்விரு தமிழ்களுக்கும் இடைப்பட்டது தெருக்களின் தொலைவன்று, சாதியின் தொலைவு. இதனைத் தொடாத மாதுங்கா நினைவு எத்துணை இனிதாயினும் அரைகுறையே. 1966இல் சிவசேனை தோன்றியபின் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சிகளை ஒரு வரியில் கடந்துவிடுவதும் அத்தகையதே.

இதே நகரின் மராத்தி எழுத்து வேறு வழி காட்டியது. தயா பவார் 'பலுத'வில் (1978) தம்மையே இருவராகப் பிரித்தார்: சேரியில் வளர்ந்த தக்டு சொல்கிறான், எழுத்தாளராகிய தயா பவார் கேட்கிறார். பதவியும் படிப்பும் பெற்ற 'நான்', பழைய 'நானை'க் கண்டு கூசும் கூச்சமே அந்நூலின் வடிவமாகிவிட்டது. தமிழில் பாமாவின் 'கருக்கு' (1992) பேச்சுமொழியின்வழி அத்தொலைவைக் குறைக்க முயன்றது. அது பிறந்தது தமிழக மண்ணில்.

மும்பைத் தமிழ் வாழ்வு கலையாக வெளிப்பட்டதோ பெரிதும் புனைவில்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் அங்குப் பணிக்குச் சென்ற நாஞ்சில் நாடன் 'மிதவை' (1986), 'சதுரங்கக் குதிரை' ஆகிய நாவல்களில் அந்நகரை எழுதினார். புனைவின் பாதுகாப்பு இங்குக் கருதத்தக்கது. நாவலாசிரியர் பாத்திரத்தின் பின்னே நிற்கலாம். அண்டை வீட்டார்க்கு விடைகூற வேண்டியதில்லை. தன்வரலாற்றாசிரியர்க்கு அவ்வசதி இல்லை. வேலை வாங்கித் தந்த உறவினர், வாடகைக்கு இடம் தரும்முன் சாதி கேட்டவர், அவ்வினாவுக்கு விடையளித்து இடம்பெற்ற தாம் ஆகிய மூவரையும் அவர் ஒரே பக்கத்தில் நிறுத்தியாக வேண்டும். மூன்றாமவரை எழுதுவதே கடினம்.