வேரை மாற்றும் ஒட்டு

விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் முந்திரி ஒட்டுக்கன்று வாங்கிய குறிஞ்சிப்பாடிக்காரருக்கு, கீக்ஸ் என்ற லினக்ஸ் வகையில் இருக்கும் ‘கிராஃப்ட்’ சட்டென்று புரியும். ஒரு வித்தியாசம். தோட்டத்தில் வேரை விட்டுவிட்டுத் தளிரை மாற்றுவார்கள். இங்கே மரத்தை விட்டுவிட்டு வேரை!

பல புரோகிராம்கள் நம்பியிருக்கும் ஒரு லைப்ரரியைத் திருத்தினால், அத்தனையையும் மறுபடி கம்பைல் செய்வதுதான் முறை. நேரம் தின்னும். கிராஃப்ட் அப்படியில்லை. தயாராக இருக்கும் புரோகிராமை நகலெடுத்து, பழைய லைப்ரரியின் முகவரியை அழித்துப் புதுசை எழுதிவிடும். இரண்டு பெயரும் ஒரே நீளம் இருக்கணுமாம். ஜாதகப் பொருத்தம்!

அவசரப் பாதுகாப்புத் திருத்தத்துக்கு அருமையான ஏற்பாடு. ஒரு மாற்றத்தைச் சோதிக்கவும் இதையே நீட்டுகிறார்கள். அங்கேதான் இடிக்கிறது. ஓடுகிறது என்பதற்கும் சரியாக ஓடுகிறது என்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கு.

2010-ல் ஃபெடோரா 14-ல் ‘மெம்காப்பி’ என்ற சின்ன ஃபங்ஷனை வேகப்படுத்தினார்கள். பெயர், உருவம் எதுவும் மாறவில்லை. சில பிராசஸர்களில் மட்டும் பின்னாலிருந்து நகலெடுத்தது. அடோபி ஃப்ளாஷில் பாட்டு கரகரத்தது. லினஸ் டோர்வால்ட்ஸே உட்கார்ந்து நோண்டினார். விதியை மீறியது ஃப்ளாஷ்தான். ஆனால் கரகரப்பு நம் காதில்.

பாட்டைப் போட்டுக் கேட்டிருந்தால் இதையாவது கிராஃப்ட் காட்டியிருக்கும். கம்பைல் செய்யும்போது வரும் தகராறு அதற்குத் தெரியவே தெரியாது. ஆடிட்டர்கூட வவுச்சர்களில் சிலதைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். நேரடியாகச் சார்ந்த நாலைந்து பேக்கேஜையாவது முழுசாகக் கம்பைல் செய்து பாருங்கள் சார்.