வெற்றி பெறாத குழுவும் விற்பனையான இசையும்: ‘தி மங்கீஸ்’ தொலைக்காட்சித் தொடர் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களைத் திறனாய்வுக்குரிய பனுவல்களாகக் கொள்வதில் நம்மிடையே இன்றும் ஒரு தயக்கம் உண்டு. வணிக நோக்கில் எழுந்தவை, விரைவில் மறைபவை என்னும் இரு காரணங்கள் அதற்குக் கூறப்படுவதுண்டு. ஆயினும், ஒரு கலைப்படைப்பு யாருக்குரியது, ஆணையின்பேரில் உருவாக்கப்பட்ட கலைஞன் உண்மைக் கலைஞன் ஆவானா என்னும் வினாக்களைச் சில வேளைகளில் இத்தகைய தொடர்களே கூர்மையாக எழுப்புகின்றன. அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனம் 1966 செப்டம்பர் முதல் 1968 மார்ச் வரை ஒளிபரப்பிய ‘தி மங்கீஸ்’ அத்தகையதொரு தொடராகும். முன்னேறத் துடிக்கும் ஓர் இளம் ராக் இசைக்குழுவைப் பற்றிய இத்தொடர், இரண்டு பருவங்களில் 58 அங்கங்களுடன் முடிவுற்றது. அதே காலத்தில் வெளிவந்த ‘தி பெவர்லி ஹில்பில்லீஸ்’ ஒன்பது பருவங்கள் நீடித்ததை நோக்க, இதன் ஆயுள் குறுகியதே. அக்குறுகிய ஆயுளுக்கான காரணத்தை அதன் வடிவத்திற்குள்ளேயே தேடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடரின் தோற்றம்

பாப் ராஃபெல்சன், பெர்ட் ஷ்னைடர் ஆகிய இரு இளம் தயாரிப்பாளர்கள் இத்தொடரை உருவாக்கினர். பீட்டில்ஸ் குழுவினர் நடித்து 1964இல் வெளிவந்த ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ திரைப்படத்தின் துள்ளல் நடையை வாராந்திரத் தொலைக்காட்சிக்குக் கொணர்வது அவர்தம் திட்டம். 1965இல் நடிகர்களைத் தேடித் திரைத்துறை நாளிதழ்களில் விளம்பரம் செய்தனர். இறுதியில் நால்வர் தெரிவாயினர். அவருள் டேவி ஜோன்ஸ் மேடை நாடகத்தில் பெயர் பெற்றவர். மிக்கி டோலென்ஸ் சிறுவயதிலேயே தொலைக்காட்சியில் நடித்தவர். மைக்கேல் நெஸ்மித்தும் பீட்டர் டோர்க்கும் இசைக்கலைஞர்கள். டிரம்ஸ் வாசிப்பவராக நடித்த டோலென்ஸ் இத்தொடருக்காகவே அதனைக் கற்கத் தொடங்கினார். ஆக, இரு நடிகரும் இரு இசைவாணரும் சேர்ந்து குழுவொன்றாகக் காட்டப்பட்டனர் எனலாம்.

நால்வரும் தத்தம் இயற்பெயரிலேயே கதைமாந்தராயினர் என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது. நடிப்பவர்க்கும் நடிக்கப்படுபவர்க்கும் இடையிலான எல்லைக்கோட்டை இத்தொடர் தொடக்கத்திலேயே அழித்துவிட்டது. பின்னர் எழுந்த சிக்கல்கள் யாவற்றிற்கும் இதுவே வித்து.

வட்டமும் நேர்கோடும்

அரைமணி நேர நகைச்சுவைத் தொடருக்கென ஓர் இலக்கணம் உண்டு. அங்கத்தின் தொடக்கத்தில் குலையும் நிலைமை அதன் இறுதியில் பழையபடி சீராக வேண்டும். அடுத்த வாரம் கதைமாந்தர் முதலில் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இது வட்ட வடிவம். இசைக்குழுவின் கதையோ இயல்பில் நேர்கோடு: பெயரறியா நிலை, வாய்ப்பு, புகழ் எனச் செல்வது. கடற்கரை வீடொன்றில் வாடகை செலுத்த வழியின்றி வாழும் நால்வரும் வெற்றி பெற்றுவிட்டால் தொடருக்குக் கதையில்லை. எனவே வீட்டுக்காரர் வாரந்தோறும் மிரட்ட வேண்டும். வாய்ப்புகள் வந்து நழுவ வேண்டும். உளவாளிகளும் கொள்ளையரும் இளவரசியரும் குறுக்கிட்டுக் குழுவினரை இசையினின்றும் திசை திருப்ப வேண்டும்.

திரைக்கு வெளியில் நிகழ்ந்ததோ நேர்மாறானது. தொடர் தொடங்கிய சில வாரங்களிலேயே குழுவின் முதல் தனிப்பாடல் தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. முதல் நான்கு இசைத்தொகுப்புகளும் முதலிடத்தை எட்டின. 1967 ஜனவரியில் வெளிவந்த இரண்டாம் தொகுப்பு 18 வாரங்கள் அங்கேயே நிலைத்தது. வாடகைக்குப் பணமின்றித் திங்கட்கிழமை மாலை திரையில் தவித்த இளைஞரின் இசைத்தட்டை மறுநாள் கடையில் இலட்சக்கணக்கானோர் வாங்கினர். கதையோடு தொடர்பின்றி இடையிடையே செருகப்பட்ட பாடற்காட்சிகள் இவ்விரு உலகங்களையும் இணைத்தன. அக்காட்சிகளில் நால்வரும் காரணமின்றி ஓடுவர், விழுவர், உடை மாற்றுவர். கதையுலகில் எவரும் பொருட்படுத்தாத அப்பாடல்கள் வீட்டுத் திரையின் முன் இருந்தோர்க்கு விற்பனைப் பொருள்களாயின. தோல்வியைக் காட்டி வெற்றியை விற்ற இம்முரண் நெடுநாள் தாங்கவல்லதன்று.

நகையின் களன்கள்

மெய்ப்பாட்டியலில் நகைக்குத் தொல்காப்பியர் கூறும் நான்கு நிலைக்களன்களுள் இளமை, பேதைமை, எள்ளல் ஆகிய மூன்றையும் இத்தொடர் மிகுதியும் பயன்கொண்டது. இளமையும் பேதைமையும் கதைமாந்தரின் இயல்பாக அமைய, எள்ளல் தொலைக்காட்சி என்னும் ஊடகத்தின் மீதே பாய்ந்தது. கதைமாந்தர் ஒளிப்படக்கருவியை நேரே நோக்கிப் பேசுவர். கதைக்கட்டின் ஓட்டைகளைத் தாமே சுட்டுவர். அங்கத்தின் நேரம் குறைந்தால் நடிகர்களின் நேர்காணல் இறுதியில் ஒட்டப்படும். 1967இல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கும், இயக்குநர் ஜேம்ஸ் ஃப்ராலிக்கும் எம்மி விருதுகள் கிட்டியமைக்கு இப்புதுமையே அடிப்படை எனக் கருதுகிறோம்.

எனினும் குறைகளை மறைத்தல் திறனாய்வாகாது. பெண்மாந்தர் பெரும்பாலும் டேவியின் காதலுக்குரிய அழகுப் பதுமைகளாகவே வந்து போகின்றனர். சீன உளவாளிகளைக் கேலியுருவங்களாக்கும் 1967ஆம் ஆண்டு அங்கம், ஆசிய வாசகராகிய நமக்கு இன்று நகை தருவதன்று. ஊடக மரபுகளைத் துணிந்து எள்ளிய தொடர், இன மரபெண்ணங்களை எள்ளத் துணியவில்லை.

இசைக்கும் உரிமை

இத்தொடரின் மீது அன்றுதொட்டுச் சுமத்தப்படும் பெருங்குற்றச்சாட்டு, இது ‘போலிக் குழு’ என்பதாகும். தொடக்கத் தொகுப்புகளில் நால்வரும் பாடினரேயன்றிக் கருவிகளைப் பெரும்பாலும் ஒலிப்பதிவுக்கூடக் கலைஞர்களே இசைத்தனர். பாடல்களைத் தெரிவு செய்யும் அதிகாரம் இசை மேற்பார்வையாளர் டான் கிர்ஷ்னரிடம் இருந்தது. மருத்துவராக நடிப்பவரிடம் மருத்துவப் பட்டத்தை எவரும் கேட்பதில்லை என இதற்கு விடை கூறலாம். ஆனால் அவ்விடை முழுமையானதன்று. மருத்துவராக நடிப்பவர் தம் இயற்பெயரில் மருந்து விற்பதில்லை. இவர்களோ தம் பெயரில் இசை விற்றனர்.

நம் கருத்தில், குற்றம் பிறர் இசைத்ததில் இல்லை. தி பேர்ட்ஸ் குழுவின் 1965ஆம் ஆண்டு முதல் வெற்றிப்பாடலிலும் குழுவினருள் ஒருவர் மட்டுமே கருவி இசைத்தார். ஆயினும் அக்குழுவை எவரும் போலி என்பதில்லை. இசைத்தோர் பெயர் மறைக்கப்பட்டதும், இசைக்க விரும்பியோர் தடுக்கப்பட்டதுமே குற்றம். இதனை முதலில் எதிர்த்தவர் ‘போலிகள்’ எனப்பட்டோரே என்பதை மறத்தலாகாது. தாங்கள் இசைப்பதில்லை என்ற உண்மையை நெஸ்மித் தாமே இதழொன்றில் வெளியிட்டார். 1967இன் தொடக்கத்தில் கிர்ஷ்னர் நீக்கப்பட்டார். அவ்வாண்டு மே மாதம் வெளிவந்த ‘ஹெட்குவார்ட்டர்ஸ்’ தொகுப்பில் நால்வரும் தாமே கருவிகளை இசைத்தனர். இசைக்குழுவாக நடிக்கப் பணிக்கப்பட்டோர், போராடி இசைக்குழு ஆயினர்.

இப்போராட்டத்தின் நிழல் 1968 பிப்ரவரியில் ஒளியேறிய ‘தி டெவில் அண்ட் பீட்டர் டோர்க்’ என்னும் அங்கத்தில் விழுந்துள்ளது. ஹார்ப் என்னும் மேனாட்டு யாழின் மீது காதல் கொண்ட பீட்டர், அதனைப் பெறத் தன் ஆன்மாவை அறியாமலே சாத்தானிடம் எழுதிக் கொடுத்து விடுகிறான். இசைக்கத் தெரியாத அவன் விரல்களில் இசை பிறக்கிறது. வழக்கு மன்றத்தில் மைக் எடுத்துரைக்கும் வாதம் எளியது: இசை சாத்தான் தந்ததன்று, இசையின் மீதான அன்பால் பீட்டரிடமே இருந்தது. சாத்தான் தன் ஆற்றலைத் திரும்பப் பெற்ற பின்னரும் பீட்டர் இசைக்கிறான், ஒப்பந்தம் செல்லாதாகிறது. எழுதியோர் கருதினரோ இல்லையோ, ஒப்பந்தத்தால் கலைஞராக்கப்பட்ட நால்வரின் தன்விளக்கமாகவே இவ்வங்கத்தை நாம் வாசிக்க முடிகிறது. தொடரின் பிற அங்கங்களில் காணவியலாத அமைதியும் கனிவும் மைக்கின் அப்பேச்சில் உண்டு.

முடிவுரை

உரிமை பெற்ற கலைஞர் வாடகைக்குத் தவிக்கும் பேதை இளைஞராகத் தொடர்ந்து நடித்தல் அரிது. இரண்டாம் பருவத்தின் பிற்பகுதியில் பின்னணிச் சிரிப்பொலி நீங்கியது, கதைக்கட்டு தளர்ந்தது, இறுதி அங்கத்தை டோலென்ஸே இயக்கினார். வட்டத்தை உடைக்க முயன்ற தொடர் வட்டத்தோடு தானும் முடிந்தது. அதே 1968இல் ராஃபெல்சன் இயக்கிய ‘ஹெட்’ திரைப்படம் குழுவின் செயற்கைப் பிறப்பையே பொருளாக்கி, வணிகத்தில் வீழ்ந்தது. ஆயினும் 1986இல் எம்.டி.வி. மீண்டும் ஒளிபரப்பியபோது, புதிய தலைமுறையொன்று இத்தொடரை விரும்பி ஏற்றது.

ஒரு படைப்பின் தூய்மையை அதன் பிறப்பை மட்டும் கொண்டு அளத்தல் பொருந்தாது என்பதே நாம் இதனால் பெறும் தெளிவு. யார் உருவாக்கினர் என்பதோடு, உருவாக்கப்பட்டோர் அதனை என்ன செய்தனர் என்பதையும் வினவுதல் வேண்டும். ஊடகப் பனுவல்களை வகுப்பறைக்குக் கொண்டு செல்லும் ஆசிரியர்க்கு இவ்விரண்டாம் வினா பெரிதும் பயன்படும் என நம்புகிறோம்.