மாசிக்கு ஏறும் புகை

அக்காள்மடத்துக் கரையில் கருவாடு காய மணலும் வெயிலும் கடற்காற்றும் போதும். மாசிக் கருவாட்டுக்கு அது பத்தாது, புகை வேண்டும். மினிக்காய் தீவில் சூரை மீனை முள் நீக்கி, நீளவாக்கில் வகிர்ந்து, உப்புநீரில் அவித்துப் பரணில் அடுக்குகிறார்கள். கீழே தேங்காய் மட்டை. காய்ந்த சுள்ளி என்றால் சடசடவென்று எரிந்து முடிந்துவிடும். மட்டையோ நார் நாராகக் கனன்று, சோம்பலாகப் புகைந்துகொண்டே கிடக்கும். தீ நாக்கு நீட்டினால் உடனே அடக்க வேண்டும். கண் கரிக்கக் கரிக்கப் பக்கத்திலேயே இருந்து பார்க்கிற வேலை. பிறகு வெயில், மறுபடி புகை, மறுபடி வெயில். கடைசியில் மீன் மரக்கட்டையாகிவிடும்: தட்டினால் ‘டொக்’ என்னும், உடைத்தால் உள்ளே கருஞ்சிவப்பு மினுங்கும். இடித்து மிளகாய், தேங்காய்ப்பூ, எலுமிச்சை சேர்த்தால் சம்பல். நாக்கில் முதலில் ஏறுவது புகைதான். மீன் பின்னால் வரும்.

புகை போடும் விறகில் ஒரு வேடிக்கை. டெக்சாஸ்காரர்கள் இறைச்சிக்குப் புகை போட விரும்பித் தேடும் மெஸ்கீட் மரம், ராமநாதபுரம் திட்டித் தீர்க்கும் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவு. இங்கே அது மூட்டத்துக்குள் வெந்து, கரியாகி, மூட்டை மூட்டையாக லாரி ஏறுகிறது.