இலந்தை மரமும் எழுத்துப் பலகையும்

தமிழ்ச் சங்கங்கள் வெளியிடும் ஆண்டு மலர்களைப் புரட்டுவோர் ஒன்றைக் காணத் தவறார். ஆராய்ச்சிக் கட்டுரைகளின் பொருள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கவிதைகளின் யாப்பும் நோக்கும் மாறும். பிள்ளைப்பருவ நினைவுக் கட்டுரை மட்டும் மாறாது வந்துகொண்டிருக்கும். ஒரு சிற்றூர், ஓடு வேய்ந்த பள்ளிக்கூடம், பிரம்பேந்திய ஆசிரியர், பள்ளி விட்டதும் ஓடிச் சென்று உலுக்கிய இலந்தை மரம், சட்டைப் பையில் கறை ஏற்றிய நாவற்பழம், இறுதியில், அந்த நாள் இனி வாராது என்னும் பெருமூச்சு. ஊர்ப்பெயரை மாற்றிவிட்டால் ஒருவர் கட்டுரை மற்றொருவர் கட்டுரையாகிவிடும்.

இவற்றை எள்ளி நகையாடுதல் எளிது. ஆனால் அது முறையன்று. தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் ஐதராபாத்துக்குப் பிழைக்க வந்து, கச்சிபௌலியின் அடுக்கு மாடிகளிலே குடியிருக்கும் நமக்குப் பிறந்த ஊர் என்பது பெரும்பாலும் நினைவாகவே எஞ்சியிருக்கிறது. அந்நினைவை எழுதி வைக்க விழைவது இயல்பு. ஆயினும் நினைவு அனைத்தும் இலக்கியமாகிவிடுவதில்லை. எது ஆகிறது, எது ஆகாது நின்றுவிடுகிறது என்பதற்கு நம் இலக்கியத்திலிருந்தே ஓர் அளவுகோல் கிடைக்குமா என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்குக் கிடைத்துள்ள பிள்ளைப்பருவ நினைவுகளுள் மிகப் பழைய ஒன்று புறநானூற்றின் 243ஆம் பாட்டு. பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். பூண் கட்டிய பெரிய ஊன்றுகோல் என்னும் பொருள்பட அப்பாட்டிலே வரும் தொடரே அவருக்குப் பெயராகிவிட்டது. மணலிற் செய்த பாவைக்குப் பூச்சூட்டியதும், மகளிரொடு கைகோத்துக் குளத்தில் ஆடியதும், நீரின்மேல் தாழ்ந்த மருதக் கிளையில் ஏறிக் கரையில் நிற்போர் வியக்கக் குதித்ததும், ஆழத்தில் மூழ்கி அடிமணலை அள்ளி வந்து காட்டியதும் அம்முதியவர் நினைவில் எழுகின்றன. அவரோ கோலூன்றி நடுங்குபவர். இருமல் இடையிடச் சில சொற்களே பேச வல்லவர்.

இப்பாட்டு ஈராயிரம் ஆண்டுகள் கடந்தும் நம்மைத் தொடுவதற்குக் காரணம் குளமோ மருதமரமோ மட்டுமன்று. மூச்சடக்கி மடுவின் அடிவரை சென்று மீண்ட சிறுவனையும், ஒரு பேச்சை முடிக்கவும் மூச்சுப் போதாத கிழவரையும் புலவர் அடுத்தடுத்து நிறுத்துகிறார். அன்றைய மூச்சுக்கும் இன்றைய மூச்சுக்கும் உள்ள தொலைவே பாட்டு. நினைப்பவர் இன்று எங்கே, எந்த நிலையில் நிற்கிறார் என்பது தெரியாவிடின் நினைவுக்கு எடை ஏறாது. மலர்க் கட்டுரைகள் பலவற்றில் இது விடுபட்டுவிடுகிறது. எழுதுபவர் இன்று யார், அந்தப் பழம் இன்று அவருக்கு ஏன் வேண்டியிருக்கிறது என்பதை நாம் அறிவதில்லை.

குளம் ஊர்ப் பொது. யாரும் குதிக்கலாம் என்று அப்பாட்டு நம்மை எண்ணவைக்கிறது. பழம் அவ்வாறன்று. பழத்துக்கு மரம் உண்டு. மரத்துக்கு உடையவன் உண்டு. இதனையும் நம் முன்னோர் பாடாது விடவில்லை. குறுந்தொகை 292ஆம் பாட்டில் பரணர் ஒரு செய்தியை உவமையாக எடுத்தாளுகிறார். நீராடச் சென்ற பெண்ணொருத்தி, ஆற்று வெள்ளம் கொண்டுவந்த பசுங்காய் ஒன்றை எடுத்துத் தின்றாள். அது நன்னனின் காவல்மரமான மாவின் காய் என்பர். அப்பிழைக்கு ஈடாக 81 களிறுகளும், அவள் எடைக்கு எடை பொன்னாற் செய்த பாவையும் தர முன்வந்தும் நன்னன் ஏற்கவில்லை; அவளைக் கொன்றான். பெண்கொலை புரிந்தவன் என்னும் பழி இன்றளவும் அவன் பெயரை விட்டு நீங்கவில்லை. மரத்தில் ஏறியவள் அல்லள், கல்லெறிந்தவள் அல்லள். நீரில் மிதந்து வந்ததை எடுத்தவள். ஒரு காயைத் தின்றதற்கு உயிரையே விலையாகக் கேட்ட உடைமையை அப்பாட்டு நமக்கு என்றும் காட்டிக்கொண்டிருக்கிறது.

இதற்கும் நம் காலத்து நினைவுகளுக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) புதினத்தைப் படித்தோர்க்கு விடை தெரியும். கொங்கு நாட்டுக் காட்டில் ஆடு மேய்க்கும் சிறுவன் கூளையன்; பண்ணையாளாக விடப்பட்டவன். அவனுக்கும் பனங்காடு உண்டு, கிணறு உண்டு, தோழர் உண்டு, விளையாட்டு உண்டு. நம் மலர்க் கட்டுரைகளில் வரும் இன்பங்கள் அத்தனையும் அவன் வாழ்விலும் உள. ஆனால் தேங்காய் திருடிய குற்றத்துக்காக அதே கிணற்றில் அவன் தலைகீழாகத் தொங்கவிடப்படுகிறான். அவனோடு சேர்ந்து விளையாடும் பண்ணைக்காரர் மகன் செல்வனோ பள்ளிக்குச் செல்பவன். ஒரே காடு, ஒரே வயது. ஒருவன் தோளில் பை, மற்றொருவன் முன்னே ஆட்டு மந்தை.

இங்கேதான் நாம் தேடும் அளவுகோல் புலப்படுகிறது. பிள்ளை பறித்த பழம் குறும்பாவதும் களவாவதும், பறித்த பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்பதைப் பொறுத்தது. மாந்தோப்பில் பிடிபட்ட கதையைச் சிரித்துக்கொண்டே எழுத வாய்ப்பவர், காவற்காரர் தம் தந்தையின் பெயரைக் கேட்டதும் காதைத் திருகி அனுப்பிவிட்ட பிள்ளையாக இருந்தவர். அவரோடு பிடிபட்ட மற்றொரு சிறுவனுக்கு என்ன நேர்ந்தது என்பது கட்டுரையில் இராது.

பள்ளிக்கும் இதுவே பொருந்தும். உ. வே. சாமிநாதையர் 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் எழுதிவந்த 'என் சரித்திரம்' திண்ணைப் பள்ளிக்கூடத்தை நமக்குப் படம் பிடித்துத் தருகிறது. மணலில் எழுதிப் பழகுதல், ஓலைச் சுவடி, சட்டாம்பிள்ளை, தண்டனை முறைகள் ஆகியவற்றை ஐயர் பட்டியல்போல் அடுக்காமல், அவை எவ்வாறு இயங்கின என்று விளக்குகிறார். ஏங்கிப் பெருமூச்செறிவதும் இல்லை, பழிப்பதும் இல்லை. எனவேதான் அந்நூல் தனி மனிதர் நினைவாக மட்டும் நில்லாது கல்வி வரலாற்றுக்கும் சான்றாகிறது.

இடைசெவல் என்னும் ஒரே ஊர் 1923ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இரு எழுத்தாளர்களைத் தந்தது. அவ்விருவரும் பிள்ளைகளின் உலகை எழுதுவதில் நமக்கு வழிகாட்டிகள். கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' பள்ளிப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டிப் படத்துக்குப் படம் காட்டி ஆடும் போட்டியோடு தொடங்குகிறது. செல்வர் வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் எதிரெதிர் நின்று, யாரிடம் எது உண்டு என்று கணக்கிட்டுக்கொள்கின்றனர். பின்னர் உடுக்க உடையற்ற ராஜா என்னும் சிறுவன் ஏழை வீட்டு வாயிலுக்கு வருகிறான். அவ்வீட்டுத் தாய் தன்னிடம் உள்ளதில் அவனுக்கும் பங்கு தருகிறாள். கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையிலோ, பிள்ளைகள் ஏறி ஆடி மகிழ்ந்த வீட்டுக் கதவு தீர்வைப் பாக்கிக்காகக் கழற்றிச் செல்லப்படுகிறது. அது பள்ளிக்கூடத்தை அடுத்த சாவடியின் பின்னே கிடப்பதைக் கண்டுவந்து சொல்பவன் பள்ளிக்குச் சென்று வந்த சிறுவன். பிள்ளைகளின் விளையாட்டுக் கருவியும் அரசின் தண்டற் பொருளும் ஒன்றேயாகின்றன. இக்கதைகளில் ஏக்கம் இல்லையா? உண்டு. ஆனால் அவ்வேக்கம் எதனையும் மறைக்கவில்லை.

பழமும் பள்ளியும் ஒருங்கே வந்து கூடும் பேரிலக்கியம் ஒன்றை வங்கத்திலிருந்து காட்டலாம். விபூதிபூஷண் வந்தியோபாத்யாயரின் 'பதேர் பாஞ்சாலி' 1929இல் நூலாயிற்று. 1955இல் சத்யஜித் ராய் அதனைப் படமாக்கினார். படத்திலே சிறுமி துர்க்கா தோப்பில் கொய்யாப்பழம் பறிக்கிறாள். முன்பு அவர்கள் குடும்பத்துக்கே உரியதாயிருந்து, பின்னர் அண்டை வீட்டார் கைக்குப் போன தோப்பு அது. பறித்த பழத்தை அவள் கொண்டுவந்து தருவது வீட்டில் அண்டியிருக்கும் கிழவிக்கு. தம்பி அப்பு செல்வதோ மளிகைக் கடைக்காரர் வாணிகத்துக்கிடையே நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு. பறித்தவளுக்குத் திருடி என்னும் பெயர். தம்பிக்குப் பலகையும் எழுத்தும். ஒரே வீட்டுக்குள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பங்கீடு இவ்வாறு அமைந்தது. துர்க்கா இறந்த பின்னர், அவள் எடுக்கவில்லை என்று மறுத்துவந்த மணிமாலையை அப்பு கண்டெடுத்துக் குளத்தில் வீசுகிறான். நீர்ப்பாசி விலகி மீண்டும் மூடிக்கொள்கிறது. தமக்கையின் களவையும் அவள் மானத்தையும் ஒருங்கே காத்த அச்செயலில், பெரியோர் எவரும் கற்பியாத பாடமொன்றை அச்சிறுவன் கற்றுவிட்டான் எனலாம்.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழக்கூடும். பிள்ளை நினைவு கள்ளமற்றது; அதிலே நிலவுடைமையையும் சாதியையும் வறுமையையும் ஏன் நுழைக்க வேண்டும் என்பர் சிலர். நாம் நுழைக்கச் சொல்லவில்லை. அவை அங்கே முன்னரே உள்ளன. தோட்டக்காரர் எப்போது உண்ணப் போவார், எந்த வேலியில் எத்துணைப் பெரிய துளை உண்டு, எந்த மரத்தில் ஏறினால் அடி விழும், எந்த மரத்தில் ஏறினால் சிரிப்போடு போய்விடும், தோழர்களுள் யாரை மட்டும் அந்த வீட்டு முற்றத்துக்குள் விடமாட்டார்கள் என்பனவெல்லாம் பிள்ளைக்கு நன்கு தெரியும். பாடப் புத்தகத்துக்கு முன்னரே அது கற்றுக்கொண்டவை இவை. மறப்பவர் வளர்ந்தவரே. ஆகவே நாம் வேண்டுவது கொள்கை விளக்கமன்று, நினைவின் முழுமையே.

பசியும் அவ்வாறு மறக்கப்படும் ஒன்று. காமராசர் முதலமைச்சராக இருந்த ஆண்டுகளில் (1954–1963) பள்ளிகளில் மதிய உணவு பரவிற்று, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தது. அவை வருமுன் இலந்தையும் கொடுக்காய்ப்புளியும் ஏழைப் பிள்ளைகளுக்கு வெறும் நொறுக்குத் தீனியல்ல. ஒரே கிளையிற் பறித்த பழம் ஒருவனுக்குச் சுவை, மற்றொருவனுக்கு நண்பகற் சோறு. இவ்வேறுபாட்டை ஒரு வரியில் குறித்தாலும் கட்டுரையின் தரம் உயர்ந்துவிடும்.

இனி நாம் வாழும் இடத்துக்கு வருவோம். பௌலி என்பது படிக்கிணற்றைக் குறிக்கும் சொல். கச்சிபௌலி என்னும் பெயரில் நீர் மொண்ட மக்களின் ஊர் ஒன்று ஒளிந்திருக்கிறது. 1974இல் நிறுவப்பட்ட ஐதராபாத்துப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இங்கே பரந்துள்ளது. கணினித் தொழில் வந்தது அதற்குப் பின்னரே. பாறைக் குன்றுகளுக்கிடையே சீத்தாவும் இலந்தையும் தாமே முளைத்துக் காய்க்கும் நிலம் இது. நம் கொடுக்காய்ப்புளியைத் தெலுங்கர் சீமச்சிந்த என்பர். சீமையிலிருந்து வந்த புளி என்பது பொருள். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த மரம் என்னும் வரலாற்றை அப்பெயர் நினைவிற் கொண்டிருக்கிறது. போகியன்று தெலுங்கு இல்லங்களில் குழந்தைகளின் தலைமேல் இலந்தைப் பழங்களைச் சொரிந்து வாழ்த்துவர். நம் பிள்ளைகளோ இலந்தையைப் பற்றி நம் கட்டுரைகளிலிருந்து அறிகின்றனர்.

2025 மார்ச்சுத் திங்களின் இறுதியில், பல்கலைக்கழகத்தை ஒட்டிய கஞ்ச கச்சிபௌலியின் 400 ஏக்கர் நிலத்தில் எந்திரங்கள் இறங்கி மரங்களை வீழ்த்தின. மாணவர் எதிர்த்தனர், ஏப்ரல் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அப்பணியை நிறுத்த ஆணையிட்டது. கஞ்ச என்பது தெலுங்கில் மேய்ச்சல் நிலத்தைக் குறிக்கும். எனவே அங்கே ஆடு மேய்த்தவர்களும், அம்மரங்களில் பழம் பறித்தவர்களும் இருந்திருக்க வேண்டும். கச்சிபௌலிக்கும் ஒரு கூளையன் இருந்திருப்பான். அவன் பேசியது தெலுங்காகவோ உருதாகவோ இலம்பாடி மொழியாகவோ இருக்கலாம். நாம் காவிரிக் கரையையும் பொருநைக் கரையையும் நினைந்து உருகிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே, நம் பலகணிக்கு எதிரே பிறர் பிள்ளைப்பருவத்தின் நிலம் அடுக்கு மாடிகளாகிக்கொண்டிருந்தது. அம்மாடிகளுள் சிலவற்றில் நாமே குடியிருக்கிறோம் என்பதையும் நினைவெழுத்து அறிந்திருத்தல் வேண்டும்.

ஊர் நினைவை எழுத வேண்டா என்று கூறுவோம் அல்லேம். இன்னும் மிகுதியாக எழுதுக என்றே வேண்டுகிறோம். மாமரத்தை எழுதுபவர் அது யாருடைய மரம் என்று எழுதுக. பள்ளியை எழுதுபவர் வகுப்பில் எத்தனை பேர் தொடங்கி எத்தனை பேர் முடித்தனர் என்பதையும், நின்றுவிட்ட தோழியின் பெயரையும் எழுதுக. எழுதுபவர் இன்று எந்த மாடியில் அமர்ந்து, எந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டு இதனை எழுதுகிறார் என்பதற்கும் இரண்டு வரி இடந்தருக. அடுத்து வரும் மலரில் அத்தகைய கட்டுரை ஒன்றேனும் வருமாயின், கட்டட வேலைக்கு வந்தோரின் பிள்ளைகள் நம் குடியிருப்பின் மதிலுக்கு வெளியே நின்று சீத்தா மரத்தை அண்ணாந்து பார்ப்பதும் அதிலே ஓரிடம் பெறும்.